மூட்டைக்குக் கணக்கு உண்டு, தொழிலாளிக்கு?

வாளையாறு வணிகவரிச் சோதனைச் சாவடியில் லாரிகள் வரிசைகட்டிக் காத்துக் கிடந்த காலம் 2017 ஜூலை 1 அன்று ஜிஎஸ்டி நடைமுறைக்கு வந்ததும் முடிந்தது. 2018 ஏப்ரல் 1 முதல், மாநில எல்லையைக் கடக்கும் 50 ஆயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட சரக்குக்கு இ-வே பில் கட்டாயமாயிற்று. விற்பவர், வாங்குபவர், மதிப்பு, வாகன எண் ஆகிய அனைத்தும் நிறுவனத்தின் கணினியிலிருந்து அரசின் கணினிக்குச் செல்கின்றன. பின்னர் பாஸ்டேக்கும் அதனுடன் இணைக்கப்பட்டது. லாரி எந்தச் சுங்கச்சாவடியை எப்போது கடந்தது என்பதை வரி அதிகாரி இருந்த இடத்திலிருந்தே அறியலாம். ஓட்டுநர்களுக்கு இது நிம்மதி என்பதை மறுப்பதற்கில்லை.

இடுக்கி எல்லையிலும் இதே கதைதான். புற்றடி, போடிநாயக்கனூர் ஆகிய இரு மையங்களிலும் நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலத்தில் ஏலக்காயின் எடையும் விலையும் உடனுக்குடன் பதிவாகின்றன.

அந்தக் காயைப் பறித்த பெண்ணின் கணக்கு எங்கே இருக்கிறது? விடியுமுன் தேனி மாவட்டக் கிராமங்களிலிருந்து ஜீப்களில் நெருக்கியடித்து, போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி வழியாக மலையேறும் அவரது வேலைநாளும் கூலியும் பெரும்பாலும் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு நின்றுவிடுகின்றன. விபத்து நேர்ந்தால், அவர் எந்தத் தோட்டத்தில் வேலை செய்தார் என்று நிரூபிக்கும் சுமை குடும்பத்தின் தலையில் விழுகிறது.

தொழில்நுட்பம் இல்லாததல்ல காரணம். புலம்பெயர் தொழிலாளர் பதிவை விரைவுபடுத்த 2021 ஜூன் 29 அன்று உச்சநீதிமன்றம் உத்தரவிட்டது. ஆகஸ்டில் இ-ஷ்ரம் தளம் வந்தது. ஆனால் அதில் தொழிலாளியே தன்னைப் பதிந்துகொள்ள வேண்டும். வணிகர் கணக்குத் தாக்கல் செய்யாவிட்டால் அபராதம் விதிக்கும் அரசு, கூலிக் கணக்கு என்றதும் தொழிலாளியின் சுயஅறிவிப்பே போதும் என்கிறது. 1979ஆம் ஆண்டுச் சட்டம் ஐந்து தொழிலாளர் இருந்தாலே பொருந்தியது. புதிய தொகுப்புச் சட்டம் அந்த வரம்பைப் பத்தாக உயர்த்திவிட்டது.

சிறு விவசாயிகள் மீது புதிய சுமை ஏற்றத் தேவையில்லை. பெருந்தோட்டங்களும் கஞ்சிக்கோடு ஆலைகளும் ஜிஎஸ்டி கணக்கைப் போலவே தொழிலாளர் பெயர், வேலைநாள், கூலி ஆகியவற்றை மாதந்தோறும் தாக்கல் செய்யட்டும். அதைக் கேரள, தமிழகத் தொழிலாளர் துறைகள் இரண்டும் பார்க்கும் வகையில் இணைக்க வேண்டும். அந்தத் தரவு அரசின் கையிலேயே இருக்க வேண்டும். ஜிஎஸ்டி வலையமைப்பின் 51 சதவீதப் பங்கு தொடக்கத்தில் எச்டிஎப்சி, ஐசிஐசிஐ உள்ளிட்ட அரசு சாரா நிதி நிறுவனங்களிடம் இருந்தது. 2018 மே மாதத்தில்தான் அதை முழுமையாக அரசுடைமையாக்க முடிவானது. தொழிலாளர் தரவில் அந்தச் சுற்றுவழி வேண்டாம்.