உள்ளூர்ப் பிள்ளையா, வெளியூர்ப் பிள்ளையா?

ஒரே வகுப்பு, ஒரே ஆசிரியர், ஒரே பரீட்சை. ஆனால் கட்டணம் மட்டும் மூன்று வகை. 2023ஆம் ஆண்டில் ஆந்திர அரசு விஜயநகரம், ராஜமகேந்திரவரம், ஏலூர், மசூலிப்பட்டினம், நந்தியால் ஆகிய ஊர்களில் 5 புதிய மருத்துவக் கல்லூரிகளைத் திறந்தபோது வகுத்த கணக்கு இது. பாதி இடங்களுக்கு வருஷக் கட்டணம் 15,000 ரூபாய். 35 சதவீத இடங்களுக்கு 12 லட்சம். வெளிநாடு வாழ் இந்தியர்களுக்கென்று ஒதுக்கிய 15 சதவீத இடங்களுக்கு 20 லட்சம். நடத்துவது தனியார் அல்ல, சர்க்கார்!

தனியார் கல்லூரிகள் 15 சதவீதம் வரை வெளிநாட்டு இந்தியர் பிரிவில் சேர்த்துக்கொள்ளலாம் என்று சுப்ரீம் கோர்ட் 2005ல் இனாம்தார் வழக்கில் சொன்னது. அந்த வழியை அரசுக் கல்லூரியும் பிடித்துக்கொண்டது. பிரிட்டனில் 1967லேயே உள்நாட்டு மாணவருக்கு 70 பவுன், வெளிநாட்டு மாணவருக்கு 250 பவுன் என்று பிரித்துவிட்டார்கள். வரி கொடுப்பவர் வீட்டுப் பிள்ளைக்கு ஒரு தொகை, மற்றவருக்கு வேறொரு தொகை என்பதே அவர்கள் சொன்ன நியாயம்.

நம் வாசகர்களில் 20 லட்சம் கட்டக்கூடியவர் யார்? சித்தூரிலும் திருப்பதியிலும் ஹோட்டலிலும் கடையிலும் ஆபீசிலும் உழைக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு முன் நிற்கும் கேள்வி வேறு. நம் பிள்ளை எந்த மாநிலத்துப் பிள்ளை?

வெளிமாநிலத்தாரிடம் ஒரு மாநிலம் கூடுதலாக வாங்கலாமா என்பது 1955லேயே தீர்ந்துபோன விவகாரம். இந்தூர் மருத்துவக் கல்லூரியில் அன்றைய மத்திய பாரத வாசிகளுக்கு நன்கொடைக் கட்டணம் கிடையாது. மற்றவர்கள் 1,300 அல்லது 1,500 ரூபாய் தரவேண்டும். டில்லி மாணவர் ஒருவர் வழக்குத் தொடுத்தார். அதுவே ஜோஷி வழக்கு. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் நம் டி.எல். வெங்கடராம அய்யர், கர்நாடக சங்கீதத்திலும் பெரிய வித்துவான். பிறந்த இடம் வேறு, குடியிருக்கும் இடம் வேறு. பிறந்த இடத்தை வைத்துப் பேதம் காட்டுவதைத்தான் அரசியல் சாசனம் தடுக்கிறது என்றார் அவர். ஒரு நீதிபதி மாறுபட்டும் மாணவர் தோற்றார்.

ஆந்திராவின் விதி 1974ஆம் ஆண்டு ஜனாதிபதி உத்தரவில் பிறந்தது. 85 சதவீத இடங்கள் உள்ளூர் மாணவருக்கு. சித்தூர், திருப்பதிப் பிள்ளைகளுக்கு வெங்கடேசுவரா பல்கலைக்கழக வட்டாரம் உள்ளூர். தகுதிப் பரீட்சை எழுதும் ஆண்டோடு முடிகிற தொடர்ச்சியான 4 ஆண்டுகள் அந்த வட்டாரத்தில் படித்திருக்கவேண்டும். பன்னிரண்டாம் வகுப்போடு முடிப்பவருக்கு ஒன்பதாவது முதல் என்று பொருள். கட்டணத்தை அரசே ஏற்கும் திட்டமும் உள்ளூர்ப் பிள்ளைகளை நினைத்தே போடப்பட்டது. வீட்டில் என்ன பாஷை பேசுகிறோம் என்று யாரும் கேட்பதில்லை. எங்கே படித்தாய் என்பதே கேள்வி.

இங்கேதான் நம்மவர்கள் தவறிவிடுகிறார்கள். பிள்ளை தமிழில் படிக்கட்டும் என்று ஒன்பதாவதோடு சித்தூர்ப் பள்ளியிலிருந்து எடுத்து, வேலூரிலோ திருத்தணியிலோ பாட்டி வீட்டில் விடுகிறோம். பிளஸ் டூ முடிந்து திருப்பதிக்கு வந்தால் இங்கே அவன் உள்ளூர் இல்லை. சரி, தமிழ்நாட்டில் பார்ப்போம் என்றால், அங்கே 2020ல் வந்த 7.5 சதவீத மருத்துவ ஒதுக்கீட்டுக்கு ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்திருக்கவேண்டும். அதிலும் இடமில்லை. பத்து மார்க் குறைந்ததால் அல்ல, மூன்று வருஷம் எல்லையைத் தாண்டியதால்!

இத்தனைக்கும் 1911 முதல் திருத்தணியும் சித்தூரும் ஒரே ஜில்லா. 1960 ஏப்ரல் 1ந் தேதிதான் திருத்தணி சென்னை மாநிலத்துக்குப் போயிற்று.

விதியின் நோக்கத்தைக் குறை சொல்வதற்கில்லை. ராயலசீமாவின் இடங்களை வசதியான பிற பகுதிக்காரர்கள் அள்ளிப்போகாமல் காக்க வந்தது அது. ஆனால் எல்லை மாவட்டத்துச் சிறுபான்மையினர் தாய்மொழி தேடிப் பக்கத்து ஊருக்குப் போவதையும் வெளியூர்ப் படிப்பு என்று எண்ணுவது முரட்டுத்தனம். தகப்பனார் இங்கேயே உழைத்து இங்கேயே வரி கட்டுகிறாரே! இதைக் கோர்ட்டில் சொல்லிப் பயன் இருக்குமா என்பது சந்தேகம். தெலங்கானாவின் இதேபோன்ற 4 ஆண்டு விதியை 2025 செப்டம்பரில் சுப்ரீம் கோர்ட் செல்லும் என்று சொல்லிவிட்டது. சட்டசபையில்தான் பேசவேண்டும்.

அதுவரை வழி இரண்டு. பெற்றோரில் ஒருவர் ஆந்திராவில் 10 ஆண்டு குடியிருந்ததற்குத் தாசில்தாரிடம் சான்று பெற்றால், மீதி 15 சதவீதத்தில் பிள்ளை போட்டியிடலாம் என்பது பழைய விதி. அந்த ஆண்டு அறிவிப்பில் அது எப்படி இருக்கிறது என்று படித்துப் பார்த்துக்கொள்ளவேண்டும். திருப்பதி ஐ.ஐ.டி. போன்ற மத்திய நிறுவனத்தில் இந்த உள்ளூர் வழக்கே கிடையாது. மற்றபடி, பிள்ளை எட்டாவது முடிக்கும் கோடையிலேயே எந்த மாநிலம் என்று முடிவு செய்து, ஆறாவது முதல் ஒவ்வொரு வகுப்புக்கும் ஸ்டடி சர்டிபிகேட்டை அந்தந்தப் பள்ளியிலேயே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பிளஸ் டூ ரிசல்ட் வந்த பிறகு அலைந்தால், பள்ளிக்கூடங்களில் கோடை விடுமுறை.