கையொப்பமா, கைவிலங்கா?

தன் மாணவரைத் தானே தேர்ந்தெடுக்கும் உரிமை பல்கலைக்கழகத்திற்கு உயிர் போன்றது. அவ்வுரிமையை 2022-ஆம் ஆண்டில் நடுவண் பல்கலைக்கழகங்கள் தில்லியிலுள்ள தேசியத் தேர்வு முகமையின் காலடியில் வைத்துவிட்டன. வைக்குமாறு பணிக்கப்பெற்றன என்பதே சரி. திருவாரூரில் இளங்கலை பயில விரும்பும் தமிழ்ப்பிள்ளை இன்று வேண்டுகை விடுப்பது திருவாரூருக்கன்று; தில்லி முகமையின் இணையப் பக்கத்திற்கு!

அங்கே, "அனைத்தையும் படித்தேன், உடன்படுகிறேன்" என்னும் பொருளில் ஒரு கட்டம் இருக்கிறது. அதில் குறியிடாதார்க்குக் கதவு திறவாது. குறியிட்டவர் எவற்றிற்கு உடன்பட்டார்? கட்டிய கட்டணம் திரும்பாது. கேட்ட ஊர் கிடைக்காவிடின் கொடுத்த ஊருக்குப் போகவேண்டும். முகமையின் விடைக்குறிப்புத் தவறெனக் கருதினால் வினா ஒன்றுக்கு 200 உருபா கட்டி மறுக்கலாம், அப்பணமும் திரும்பாது. பிழை செய்தவன் தண்டம் கட்டுவது உலக வழக்கம். பிழையைச் சுட்டியவன் கட்டுவது தில்லி வழக்கம் போலும்! வழக்காடுவதாயின் தில்லி எல்லைக்குள்தான் ஆடவேண்டும். குமரிமுனைக் குடியானவன் மகள் அதற்குத் தொடர்வண்டி ஏறுவாளா?

2022 ஆகத்து 4-ஆம் நாள், வினாத்தாள் உரிய நேரத்தில் கணிப்பொறிக்கு வந்து சேராமையால் இரண்டாம் வேளைத் தேர்வே நின்றது. மாணவன் நேரந்தவறினால் வாயில் அடைபடும். முகமை தவறினால் மாணவனுக்கு வேறொரு நாள் குறிக்கப்படும். ஒருபக்கம் மட்டும் கட்டும் கயிற்றுக்கு உடன்படிக்கை என்று பெயர்!

இவை யாவற்றினும் கொடியது மொழி பற்றிய வரி. தேர்வைத் தமிழில் எழுதலாம் என்பர். ஆனால் மொழிபெயர்ப்பில் ஐயம் எழுந்தால் ஆங்கில வடிவமே இறுதியானது என்பர். இவ்வரி எத்துணைக் கூரியது என்பதைத் தமிழர் 2018-இலேயே கண்டனர். நடுவண் இடைநிலைக் கல்வி வாரியம் நடத்திய அவ்வாண்டு நீட் தேர்வின் தமிழ் வினாத்தாளில் 49 வினாக்கள் பிழைபட்டன. தமிழில் எழுதியோர் 24,000-க்கும் மேற்பட்டோர். அவர்க்கு 196 மதிப்பெண் வழங்குமாறு சூலையில் சென்னை உயர் வழக்குமன்றத்தின் மதுரைக் கிளை பணித்தது. வாரியமோ, ஆங்கிலமே இறுதி என்று முன்பே அறிவித்துவிட்டோம் என வழக்காடியது. மதுரைத் தீர்ப்பை உச்ச வழக்குமன்றம் அதே ஆண்டு நவம்பரில் தள்ளிவிட்டது. ஆங்கிலம் படிக்கத் தெரியாமையால் தமிழைத் தேர்ந்த பிள்ளை, ஆங்கிலத்தைப் பார்த்துத் தமிழ்ப் பிழையைத் திருத்திக்கொண்டிருக்க வேண்டுமாம்!

சட்டம் இல்லையா எனக் கேட்கலாம். வலியவன் நீட்டிய தாளில் எளியவன் வேறு வழியின்றிக் கையொப்பமிட்டால் அந்நேர்மையற்ற கட்டு செல்லாது என உச்ச வழக்குமன்றமே 1986-இல் நடுவண் உள்நாட்டு நீர்ப்போக்குவரத்துக் கழக வழக்கில் உரைத்தது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் காப்புச் சட்டமும் முறையற்ற உடன்படிக்கையை வரையறுக்கிறது. ஆயினும் தேர்வு நடத்தும் வாரியத்திடம் மாணவன் நுகர்வோன் அல்லன் என்று 2009-இல் பீகார் வாரிய வழக்கில் அம்மன்றமே கூறிவிட்டது. கட்டணம் வாங்கும்போது அவன் வாங்குவோன், முறையிடும்போது யாருமல்லன்.

இப்பொது நுழைவுத்தேர்வைக் கைவிடுமாறு தமிழ்நாட்டுச் சட்டமன்றம் 2022 ஏப்பிரல் 11-இல் தீர்மானம் இயற்றியது. தில்லி செவிசாய்க்கவில்லை. தேர்வு நீங்கும்வரையிலேனும், தமிழில் எழுதுவார்க்குத் தமிழ் வடிவமே இறுதி என்றாதல் வேண்டும். மெய்ப்பிக்கப்பட்ட மறுப்புக்குரிய பணம் திரும்புதல் வேண்டும். அவரவர் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்க வழி வேண்டும். இவற்றைக் கேட்கும் கடமை, மாணவரைத் தில்லிக்குக் கைகாட்டிவிட்டு வாளாவிருக்கும் பல்கலைக்கழகத் துணைவேந்தர்களுக்கே முதலில் உண்டு.