அகன்ற சக்கரம்

மக்கள் இயற்றிய கருவிகளுள் சக்கரத்திற்கு ஒப்பானது பிறிதொன்றில்லை என்பர். ஊர்ப்புறத்துக் கட்டைவண்டி முதல் காற்றெனப் பறக்கும் மோட்டார் வண்டி ஈறாக யாவும் அதன்மேல் ஏறியே நடக்கின்றன. எனினும் நாம் வண்டியின் நிறத்தை நோக்குகின்றோம். இருக்கையின் மென்மையை நோக்குகின்றோம். சக்கரத்தை நோக்குவார் மிகச் சிலரே. அண்மைக் காலத்தில் இந்நிலை ஒருவாறு மாறியுள்ளது. வண்டியோடு வந்த உருக்குச் சக்கரத்தைப் பட்டறைக்குக் கொண்டுசென்று, அறுத்து அகலப்படுத்தி, பருத்த டயரை மாட்டிக்கொள்வதில் இளைஞர் பலர் பேரார்வம் காட்டுகின்றனர். இவ்வார்வம் நன்றா, தீதா என்பதனை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

முதற்கண் சக்கரத்தின் அமைப்பை அறிதல் வேண்டும். உருக்குச் சக்கரம் இரண்டு உறுப்புக்களால் ஆயது. ஒன்று டயரைத் தாங்கும் வளையம். இதனை ரிம் என்பர். மற்றொன்று வண்டியோடு நட்டுகளால் முடுக்கப்படும் நடுத்தட்டு. உருக்குப் பட்டையை வளைத்து, முனைகளை இணைத்து, உருளைகளிடையே உருட்டி ரிம்மை வடிப்பர். பின்னர் அதனுள் நடுத்தட்டைப் பொருத்திப் பற்றவைப்பர். ரிம்மின் இரு ஓரங்களிலும் டயரைப் பிடித்து நிறுத்தும் மடிப்புக்கள் உண்டு. இடையே ஒரு பள்ளமும் உண்டு. டயரின் ஓரத்தில் ஒரு பகுதியை அப்பள்ளத்தில் இறக்கினாலன்றி, அதன் எதிர்ப்பகுதி மடிப்பைத் தாண்டி ஏறாது. இரு மடிப்புக்களின் உட்புறங்களுக்கு இடைப்பட்ட தொலைவே சக்கரத்தின் அகலம் எனப்படும்.

இவ்வகலத்திற்கும் டயரின் அகலத்திற்கும் ஓர் இயைபு உண்டு. சான்றாக, இன்று பெருவழக்கில் உள்ள 205/55 ஆர் 16 என்னும் டயருக்கு 5½ அங்குலம் முதல் 7½ அங்குலம் வரை அகலமுள்ள ரிம்கள் ஏற்றவை என்று வரையறுத்துள்ளனர். அதனினும் குறுகிய ரிம்மில் அதனை மாட்டினால் பக்கச்சுவர்கள் வெளியே பிதுங்கும். நடுப்பகுதி மேடிட்டு அங்கு மட்டும் தேயும். வளைவுகளில் வண்டி நெளியும். ஆதலின் அகன்ற டயர் வேண்டுவோர் அகன்ற ரிம்மை நாடுதல் அறியாமையன்று, அது முறையேயாம்.

தொழிற்சாலை வகுத்த அகலமும் மாற்றலாகாத கட்டளையன்று. இங்கிலாந்தில் 1959-ஆம் ஆண்டில் வெளிவந்த மினி என்னும் சிறு வண்டிக்கு, அலெக் இசிகோனிஸ் என்னும் பொறியறிஞர் 10 அங்குல விட்டமும் 3½ அங்குல அகலமும் உடைய சக்கரங்களை அமைத்தார். சக்கரம் சிறுத்தமையால் வண்டிக்குள் மக்கள் அமர இடம் பெருகிற்று. பின்னர் 1963-இல் கூப்பர் எஸ் என்னும் விரைவு மிக்க வகை வந்தபோது, விரும்புவோர்க்கு 4½ அங்குல அகலச் சக்கரங்களும் கிடைத்தன. செய்தோரே ஓர் அங்குலம் கூட்டினர் என்பது இதனாற் போதரும். ஆயின் ஒன்று கருதத்தக்கது. அவர்கள் சக்கரத்தை மட்டும் மாற்றிவிட்டு அமைந்திலர், இயந்திரத்தை வலுப்படுத்தினர், பிரேக்கையும் பெரிதாக்கினர். அகலம் என்பது பல உறுப்புக்கள் கூடிச் செய்துகொண்ட ஓர் உடன்பாடு. ஒன்றை அசைப்பவன் மற்றவற்றிற்கும் விடை கூறக் கடமைப்பட்டவன். இதுவே இக்கட்டுரையில் யான் வற்புறுத்த விரும்பும் கருத்து.

இனி, பட்டறையில் அகலப்படுத்தும் முறைகளைக் காண்போம். கடைசல் இயந்திரத்தில் சக்கரத்தை ஏற்றி, ரிம்மைச் சுற்றிலும் அறுத்து இரண்டாக்கி, இடையே ஓர் உருக்குப் பட்டையை வளையமாக வைத்துப் பற்றவைத்தல் ஒரு முறை. பழைய ரிம்மினின்று நடுத்தட்டை மட்டும் பிரித்தெடுத்து, தொழிற்சாலையில் வடித்த வேறோர் அகன்ற ரிம்மினுள் பொருத்திப் பற்றவைத்தல் மற்றொரு முறை. முன்னதில், காற்றைத் தாங்க வேண்டிய வளையத்திலேயே சுற்றிலும் இரண்டு ஒட்டுக்கள் விழுகின்றன. பின்னதில் வளையம் முழுமையாக நிற்கின்றது. எனவே பின்னதே சிறந்தது, முன்னதே மலிவானது. பெரும்பாலோர் எதனை நாடுவர் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

கூட்டிய அகலம் எப்பக்கம் செல்கின்றது என்பது அடுத்த வினா. 4½ அங்குலச் சக்கரத்தை 6½ அங்குலமாக்கினோம் என்று கொள்வோம். கூடிய இரண்டு அங்குலமும் உட்புறம் சென்றால் டயர் வில்லிலோ ஸ்டீயரிங் கம்பியிலோ உராயும். இதற்கஞ்சி முழுவதையும் வெளிப்புறம் தள்ளுவர். அப்பொழுது சக்கரத்தின் நடுக்கோடு ஓர் அங்குலம் வெளியே நகர்கின்றது. பாரமும் அவ்வளவு தள்ளி நின்று பேரிங்கை நெம்புகின்றது. முன்சக்கரம் கிங்பின்னைப் பற்றித் திரும்பும்போது, டயர் நிலத்தைத் தொடும் இடம் அதனின்றும் விலகி நிற்பதால், ஒரு சிறு குழியும் ஓட்டுபவன் கையை வெட்டி இழுக்கின்றது. அகன்ற டயரின் எடை ஸ்டீயரிங்கையும் கனக்கச் செய்கின்றது. இவை யாவும் முதல் நாளில் தோன்றா. ஆறு திங்கள் கழித்துப் பேரிங்கின் முனகலாக வெளிப்படும்.

இத்துணைத் துன்பமும் எதன்பொருட்டு? டயர் அகன்றால் பிடிப்பு இரட்டிக்கும் என்பது பலர் நம்பிக்கை. ஒரு சக்கரத்தின்மேல் 300 கிலோகிராம் பாரம் இருக்கின்றது. டயரில் சதுர சென்டிமீட்டருக்கு 2 கிலோகிராம் அழுத்தமுள்ள காற்று இருக்கின்றது. அதனைத் தாங்குவதற்கு ஏறத்தாழ 150 சதுர சென்டிமீட்டர் பரப்பு நிலத்தில் படியும். டயர் 12 சென்டிமீட்டர் அகலமாயின் அப்பரப்பு 12½ சென்டிமீட்டர் நீளும். 15 ஆயின் 10 நீளும். வடிவு மாறுகின்றது, பரப்பு பெரிதும் மாறுவதில்லை. வளைவில் நெளிவு குறைதல் உண்மையான நன்மையே. மணலில் காற்றைக் குறைத்து ஓட்டுவோர்க்கும் அகலம் உதவும். ஆயின் ஐப்பசி மழையில் நீர் தேங்கிய சாலையில், அகன்ற டயரே நீரை விலக்கமாட்டாது முந்தி மிதக்கும். எப்பொருளுக்கும் உரிய விலை உண்டு.

தோற்றத்திற்காக அகலம் காட்டுதல் புதிய வழக்கமுமன்று. 1753-ஆம் ஆண்டில் இங்கிலாந்துப் பார்லிமெண்டு, குறுகிய சக்கரங்கள் சாலையைப் பிளக்கின்றன என்று கருதி, சுங்கச் சாலைகளில் செல்லும் பார வண்டிகளுக்கு 9 அங்குல அகலச் சக்கரம் வேண்டுமெனச் சட்டம் செய்தது. வண்டிக்காரர் யாது செய்தனர்? அகலமான சக்கரங்களையே பூட்டினர். ஆயின் நடுவிலுள்ள இரும்புப் பட்டையை மட்டும் மேடாக அமைத்தனர். கண்ணுக்கு ஒன்பது அங்குலம். நிலத்திற்கோ பழைய அகலமே. அளவுகோலை நிறைவு செய்தனர்; நோக்கத்தைக் கைவிட்டனர். நம் காலத்து அகன்ற சக்கரங்களுள்ளும் இவ்வினத்தைச் சேர்ந்தவை பல.

யான் நேரிற் கண்ட ஒன்றை இங்கே குறித்தல் தகும். என் இளைய நண்பர் ஒருவர் பழைய ஜீப் வண்டியொன்றை வாங்கினார். அதன் சக்கரங்கள் முன்னரே அறுத்து அகலப்படுத்தப்பட்டு, கறுப்பு வர்ணம் பூசப்பெற்று, காண்போர் மெச்சும்படி விளங்கின. டியூப் இல்லாத பருத்த டயர்கள் அவற்றில் மாட்டப்பட்டிருந்தன. முன்சக்கரம் ஒன்றில் மட்டும் இரவுதோறும் காற்று இறங்கிற்று. டயரில் ஆணியில்லை, வால்விலும் குறையில்லை. “உள்ளே ஒரு டியூபைப் போட்டுவிடுங்கள், கவலை தீரும்” என்று சிலர் அறிவுறுத்தினர். மறுநாள் மனைவி மக்களோடு மலைப்பாதையில் செல்லவிருந்த நண்பரும் அதற்கு இசைந்து, சாலையோரத்துப் பங்சர் கடைக்குச் சென்றார். யானும் உடன் சென்றேன்.

அக்கடையிலிருந்த முதியவர் சக்கரத்தைக் கழற்றி நீர்த்தொட்டியில் அமிழ்த்தினார். குமிழிகள் டயரினின்று எழவில்லை. ரிம்மின் ஒட்டிலிருந்து எழுந்தன. அவர் கம்பித் தூரிகையால் வர்ணத்தைத் தேய்த்தார். ஒட்டை ஒட்டி மூன்று விரற்கடை நீளத்திற்கு மயிரிழைபோன்ற விரிசல் ஓடியிருந்தது. “தம்பி, டியூப் போட்டால் காற்று நிற்கும், விரிசல் நிற்காது. இதை நான் மாட்டித் தரமாட்டேன்” என்று கூறி, அவர் அச்சக்கரத்தைச் சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டார். நண்பர் மறுமொழி கூறவில்லை, மலைப்பயணமும் நின்றது. இரவுதோறும் இறங்கிய காற்று அவருக்கு இடையூறன்று, எச்சரிக்கையே. டியூப் அவ்வெச்சரிக்கையின் வாயை அடைத்திருக்கும்.

“அங்ஙனமாயின் இத்தொழிலையே விலக்கிவிடலாமே” என்று சிலர் கூறலாம். சட்டமும் அவர் பக்கம் சாய்கின்றது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறித்தவற்றினின்று வேறுபடுமாறு வண்டியை மாற்றலாகாது என்கின்றது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதனை வலியுறுத்தித் தீர்ப்பளித்தது. அவ்வாண்டுத் திருத்தம், இசைவில்லாத மாற்றம் ஒவ்வொன்றிற்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க இடந்தருகின்றது. சாலை எல்லார்க்கும் உரியது. கழன்றோடும் சக்கரம் தன் உடையவனை மட்டும் தேடிச் செல்வதில்லை. ஆகவே சட்டத்தின் அச்சத்தை யான் குறைகூறேன்.

எனினும் கைத்தொழிலைப் பழித்தலும் நன்றன்று. பந்தயக் களத்திலும் பழைய வண்டிகளைப் பேணுவோரிடத்தும் அகன்ற சக்கரத்திற்கு நேர்மையான தேவை உண்டு. கடைசற்காரர் கேட்ட அகலத்தைக் கேட்ட விலைக்குச் செய்கின்றார். சோதனைக்கு உரிய கூலியை எவரேனும் கொடுத்ததுண்டா? தொழிற்சாலையில் ஒரு புதிய சக்கரம் வெளிவருமுன் அதனை வளைக்கும் விசையில் பல்லாயிரம் முறை சுழற்றிச் சோதிக்கின்றனர். பட்டறைச் சக்கரத்திற்கோ முதற் சோதனை நம் குடும்பம் ஏறிச் செல்லும் சாலையில் நடைபெறுகின்றது. குற்றம் பெரும்பாலும் அழகிற்குப் பணம் கொடுத்து, காப்பிற்குக் கொடுக்க மறுக்கும் நம்முடையதே.

ஆதலின் அகலப்படுத்த விழைவோர் நான்கு கடமைகளை ஏற்க வேண்டும். முதலாவது, வேண்டிய டயருக்கு ஏற்ற ரிம் அகலத்தை அறிந்து, அதற்கு மேல் ஓர் இழையும் கூட்டாதிருத்தல். இரண்டாவது, கூட்டும் அகலம் எப்பக்கம் செல்லும் எனக் கணக்கிட்டு, முழுப் பாரம் ஏற்றி, ஸ்டீயரிங்கை இருபுறமும் முற்றத் திருப்பி, உராய்வின்மையைக் காணுதல். மூன்றாவது, வர்ணம் பூசுமுன் ஒட்டுக்களில் நிறநீர் தடவி விரிசல் உண்டா எனத் தேர்ந்து, சக்கரம் கோணாமல் சுழல்கின்றதா என அளத்தல். நான்காவது, உரிய அதிகாரியின் இசைவின்றிப் பொதுச் சாலையில் ஓட்டாதிருத்தல். இவற்றைச் செய்ய இயலாதவர், தம் வண்டிக்கென்றே அகலமாக வடிக்கப்பட்ட சக்கரத்தை விலைகொடுத்து வாங்குவாராக. அதுவும் இயலாதாயின், வந்த சக்கரத்தோடு மகிழ்ந்திருப்பாராக.

பிறர் செய்த பொருளைத் திருத்த முற்படுதல் இளமைக்கு அழகு. அதனை யான் தடுக்கேன். ஆயின் செய்தோன் கையிலிருந்த அரத்தை வாங்குபவன், அவன் தோளிலிருந்த சுமையையும் வாங்கிக்கொள்ளல் வேண்டும். இதனை உணர்ந்த இளைஞன் சக்கரத்தை அகலப்படுத்தினும் தீங்கில்லை. அகலப்படுத்தாது விடினும் குறைவில்லை.