அலமாரிக் கோப்பைகள்

ஓய்வு பெற்று இளையரசனேந்தலுக்குத் திரும்பி வந்த புதிதில் டீக்கடைப் பெஞ்சில் ஒருவர் என்னைக் கேட்டார்: "அண்ணாச்சி, இத்தனை வருசமா காலேஜ்ல என்ன பாடம் நடத்துனீக?"

"விளையாட்டு."

"அதுக்குமா சம்பளம் குடுக்காக?"

எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். வீட்டுக்கு நடந்து வரும்போது, கேள்வி நியாயமானதுதான் என்று பட்டது. வாங்கிய சம்பளத்துக்கு நான் என்ன கொடுத்தேன்?

கோப்பைகள் கொடுத்தேன். நாவல் எழுதுகிற இந்தக் கைக்குச் சோறு போட்டது விசில்தான். முப்பது வருஷத்துக்கு மேல் ஒரு கல்லூரியில் பிஸிகல் டைரக்டராக இருந்தேன். பிரின்ஸிபால் அறைக்கு வெளியே இருந்த கண்ணாடி அலமாரி நிறைந்துபோய், இன்னொன்று செய்ய வேண்டி வந்தது. பிரிவுபசாரத்தன்று அந்த இரண்டு அலமாரிகளையும் காட்டித்தான் என்னைப் புகழ்ந்தார்கள்.

அந்தக் கோப்பைகள் வந்த வழியை இப்போதாவது சொல்லிவிடுகிறேன். அட்மிஷன் தொடங்குமுன் ஊர் ஊராகப் போவேன். ஏற்கெனவே ஓடத் தெரிந்தவனையும், ஏற்கெனவே பந்தடிக்கத் தெரிந்தவனையும் விளையாட்டு ஒதுக்கீட்டில் பிடித்து வருவேன். பக்கத்துக் கல்லூரிக்காரர் ஹாஸ்டல் சாப்பாடு இலவசம் என்றால், நான் பீஸும் வேண்டாம் என்பேன். மாட்டுத் தாவணியில் துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை பேசுவார்களே, அதற்கும் இதற்கும் அந்தத் துண்டு ஒன்றுதான் வித்தியாசம். பிறர் வளர்த்த பயிரை அறுத்து வந்து என் களத்தில் அம்பாரம் குவித்தேன். இதற்குப் பயிற்சி என்று பெயர்!

மற்றப் பிள்ளைகள் மூன்று வருஷமும் மைதானத்தை வெளியே நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். அவர்களில் ஒருவனை மறக்க முடியவில்லை. மாலைதோறும் வெறுங்காலோடு வந்து ஓரத்தில் நிற்பான். ஒருநாள் துணிந்து, "சார், நானும் ஓடட்டுமா?" என்றான். ஓடவிட்டேன். அரைச் சுற்றிலேயே மூச்சு வாங்கியது. "நீ டீமுக்கு ஆகமாட்டே, போய்ப் படி" என்றேன். அவன் டீமில் இடம் கேட்கவில்லை. ஓடலாமா என்றுதான் கேட்டான். அந்த வித்தியாசம் எனக்கு அப்போது விளங்கவில்லை. மறுநாள் அவன் வரவில்லை.

எங்கள் தொழிலுக்கு மூலபுருஷர் ஒருவர் உண்டு: ஹாரி க்ரோ பக் என்ற அமெரிக்கர். 1920-இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கியவர். 1924-இல் பாரிஸ் ஒலிம்பிக்குக்கு இந்தியக் குழுவை அழைத்துப் போனவரும் அவரே. அந்தக் குழு ஒரு பதக்கம்கூட வாங்கவில்லை. அலமாரிக் கணக்கில் பார்த்தால் பக் துரை தோற்றுப் போனவர். ஆனால் 1943-இல் அவர் காலமானபோது, அவர் கல்லூரியில் படித்த விளையாட்டு வாத்தியார்கள் எத்தனையோ பள்ளிகளில் விசிலும் கையுமாக நின்றுகொண்டிருந்தார்கள். எத்தனை பிள்ளைகள் அவரால் ஓடினார்கள் என்பதை எந்த அலமாரியில் அடுக்குவது?

"அப்படியானால் வெற்றியே வேண்டாமா?" என்பார்கள். பேஷாக வேண்டும். எங்கள் பக்கத்துக் கோவில்பட்டியையே பாருங்கள். 2022-இல் ஜகார்த்தாவில் ஆசியக் கோப்பை ஹாக்கியில் வெண்கலம் வென்ற இந்திய அணியில் கோவில்பட்டி மாரீஸ்வரனும், கோவில்பட்டி விடுதியில் பயிற்சி பெற்ற அரியலூர் கார்த்தியும் ஆடினார்கள். இது வானத்திலிருந்து விழுந்த அதிர்ஷ்டமா? இந்தியாவுக்காக ஒருநாளும் ஆடாத பையன்கள், தலைமுறை தலைமுறையாகச் சாயங்காலந்தோறும் மட்டையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிய ஊர் அது. பலர் ஆடுகிற இடத்தில்தான் ஒருவன் எழும்புவான். பலரை விரட்டிவிட்டு ஒருவனை விலைக்கு வாங்குவது வியாபாரம். அதற்கு வாத்தியார் எதற்கு, தரகர் போதுமே!

கல்லூரி நடத்துகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். உங்கள் பிஸிகல் டைரக்டர் உருப்படியாக வேலை செய்கிறாரா என்று அறிய அலமாரியைத் திறக்காதீர்கள். மாலை ஐந்து மணிக்கு மைதானத்துக்குப் போய்த் தலைகளை எண்ணுங்கள். மூச்சு வாங்குகிறவன், தடுக்கி விழுகிறவன், பந்தைக் கண்டு கண்ணை மூடிக்கொள்கிறவன் எல்லாரும் அங்கே இருந்தால் அவருக்குச் சம்பளத்தை உயர்த்திக் கொடுங்கள்.

டீக்கடை நண்பருக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். குடுத்தாக, ஐயா, முழுச் சம்பளம் குடுத்தாக. நான்தான் அரை வேலை பார்த்தேன். மீதியை அந்த வெறுங்கால் பையனுக்குப் பாக்கி வைத்திருக்கிறேன்.