கராஜில் பிறக்கும் விமானமும் விரல் நீள ஃபிட்டிங்கும்

அமெரிக்காவில் காரைத் தெருவில் நிறுத்திவிட்டு, கராஜுக்குள் விமானம் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். பொழுதுபோக்குதான். ஆனால், பல வருட சனி, ஞாயிறுகள் இதில் கரைந்துபோகும். கட்டுமான வேலையில் பாதிக்கு மேல் ஆர்வலர்களே செய்திருக்க வேண்டும் என்பது அங்கே விதி. ஓரிகன் மாநிலத்தில் இருக்கும் வான்ஸ் ஏர்கிராஃப்ட் நிறுவனத்தின் ஆர்.வி வகை கிட்களில் இருந்து மட்டுமே 11,000-க்கும் அதிகமான விமானங்கள் பறந்திருக்கின்றன.

இறக்கைக்கு ஒவ்வொரு ரிவெட்டாகப் பொறுமையாக அடித்தவர்களுக்கும், இன்ஜின் வந்து இறங்கியதும் அவசரம் தொற்றிக்கொள்ளும். சறுக்கல் நடப்பது பெரும்பாலும் இங்கேதான்.

இன்ஜின் சதா அதிர்ந்துகொண்டே இருக்கும். அதற்கும் விமானிக்கும் நடுவே இருக்கும் ஃபயர்வால் என்கிற உலோகத் தடுப்பு அப்படி அசையாது. இரண்டையும் இணைப்பது வளையும் ஹோஸ்கள். உள்ளே ஓடுவது பெட்ரோலும் கொதிக்கும் ஆயிலும். அரையடி தூரத்தில் நெருப்பாய்ச் சுடும் புகைக்குழாய். அந்த ஹோஸின் இரு முனைகளிலும் இருக்கும் விரல் நீள ஃபிட்டிங்கை எப்படித் தேர்ந்தெடுப்பது?

ரேஸ் கார் கடைகளில் நீலமும் சிவப்புமாக மின்னும் அலுமினிய ஃபிட்டிங் கிடைக்கும். பார்க்க அழகு, எடையும் குறைவு. ஆனால், சுத்தமான அலுமினியம் உருகுவது 660 டிகிரி செல்சியஸில். ஃபிட்டிங்குக்கான கலவைகள் அதற்கும் முன்பே இளகிவிடும். விமான ஹோஸ்களைத் தீயில் சோதிக்கும்போது சுமார் 1,100 டிகிரி ஜுவாலையை 5 நிமிடம் காட்டுவார்கள். அதனால் ஃபயர்வாலுக்கு முன்னால், பெட்ரோலும் ஆயிலும் போகும் இடங்களில் ஸ்டீல் ஃபிட்டிங்தான் சரி. ஹோஸுக்கு மேல் தீ தாங்கும் உறையும் போட வேண்டும். சில கிராம் எடையை மிச்சம்பிடிக்க இது இடமில்லை.

அடுத்த பொறி, கோணம். விமான ஃபிட்டிங்கின் கூம்பு முனை 37 டிகிரி. கார்களில் புழங்கும் ஒரு வகைக்கு 45 டிகிரி. கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. கால் அங்குலம் போன்ற சில அளவுகளில் இரண்டுக்கும் மரைகூட ஒன்றேதான். நட் சமர்த்தாக ஏறி இறுகிவிடும். உள்ளே கூம்புகள் மட்டும் முழுதாகப் பொருந்தியிருக்காது. கசிகிறதே என்று ஸ்பானரால் இன்னும் இறுக்கினால், விரிசல்தான் மிஞ்சும்.

நம் வீட்டுக் குழாய்க்குச் சுற்றும் டெஃப்ளான் டேப்பை இங்கே சுற்றினால்? வேண்டவே வேண்டாம். இந்த ஃபிட்டிங்கில் கசிவைத் தடுப்பது மரை அல்ல, கூம்புகளின் உரசல். பிய்ந்துபோன டேப் துணுக்கு ஒன்று பெட்ரோல் பாதையில் போய் அடைத்துக்கொண்டால், இன்ஜின் பட்டினி கிடக்கும். கூம்பு இல்லாத பைப் மரைக்கு மட்டும், அதற்கென்று இருக்கும் பசை.

மீட்டருக்குப் போகும் ஆயில் குழாயில் ஒரு அருமையான யோசனை இருக்கிறது. இன்ஜின் பக்க ஃபிட்டிங்கின் துளையைச் சுமார் 1 மில்லிமீட்டருக்குச் சுருக்கிவிடுவார்கள். மீட்டருக்குத் தேவை அழுத்தம்தான், ஓட்டம் அல்ல. அதனால் ஊசித் துளையே அதற்குப் போதும். ஹோஸ் பிய்ந்துபோனாலும் ஆயில் கொட்டாது, மெல்லத்தான் வடியும். ஓடுதளம் தேடி இறங்க விமானிக்கு அவகாசம் கிடைக்கும். சில டாலர் சாமான்!

ஹோஸை இழுத்துக் கட்டவும் கூடாது. அழுத்தம் ஏறினால் அது நீளத்தில் சுருங்கும். எனவே 5 முதல் 8 சதவிகிதம் தளர்வு விட வேண்டும். ஹோஸின் மேல் நீளவாக்கில் ஒரு கோடு அச்சிட்டிருப்பார்கள். மாட்டிய பிறகு அந்தக் கோடு சுற்றிக்கொண்டு போனால், ஹோஸ் முறுக்கிக்கிடக்கிறது என்று அர்த்தம். கழற்றி மறுபடி மாட்ட வேண்டியதுதான்.

எரிபொருள் அமைப்பில் கட்டியவர் எடுக்கும் முடிவு, பின்னால் அந்த விமானத்தை வாங்குகிறவரையும் விடாது. 'டேக் மீ ஹோம், கன்ட்ரி ரோட்ஸ்' பாடிய ஜான் டென்வர், 1997 அக்டோபர் 12 அன்று கலிஃபோர்னியா கடலோரத்தில் விழுந்து இறந்தது வேறொருவர் கட்டிய 'லாங்-ஈஸி' விமானத்தில். டேங்க் மாற்றும் வால்வின் கைப்பிடி, பிளானில் சொன்ன இடத்தில் இல்லாமல் இடது தோளுக்குப் பின்னால் இருந்தது. அதைத் திருப்பத் திரும்பியபோது கட்டுப்பாடு போயிருக்க வேண்டும் என்பது விசாரணையின் முடிவு.

1953-ல் தொடங்கிய இ.ஏ.ஏ என்ற ஆர்வலர் சங்கத்தில், வேலை நடக்கும்போதே வீட்டுக்கு வந்து பார்த்துக் குறை சொல்லும் அனுபவசாலிகள் உண்டு. இறுக்கிய ஒவ்வொரு நட்டின் மேலும் பெயின்ட்டால் ஒரு கோடு இழுக்கச் சொல்வார்கள். கோடு உடைந்திருந்தால் நட் நகர்ந்திருக்கிறது. பிறகு மூடியைக் கழற்றிவிட்டு இன்ஜினை ஓட்டி, கசிவு தேட வேண்டும்.

அதன் பிறகும் வழக்கமாக 25 அல்லது 40 மணி நேரச் சோதனைப் பறத்தல் பாக்கி. அது முடியும்வரை மனைவி, பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போக அனுமதி கிடையாது.