வேப்பெண்ணெய் ஊத்தினா மலேரியா கொசு போயிடுமா?

சாயங்காலமானா வேப்பிலைப் புகை போடுற வீடுகள் சென்னையில் இன்னும் இருக்கின்றன. புகைக்குக் கொசு கொஞ்ச நேரம் விலகும், அவ்வளவுதான். வேம்பின் நிஜமான பலம் தண்ணீரில்தான் தெரியும். விதையில் உள்ள அசாடிராக்டின், கொசுப்புழுவின் ஹார்மோன்களைக் குழப்பி, அது தோலுரித்துக் கொசுவாக மாறுவதைத் தடுக்கிறது.

சென்னையில் மலேரியாவைப் பரப்பும் அனாபிலஸ் ஸ்டீபன்சி சாக்கடைக் கொசு அல்ல. மொட்டைமாடித் தொட்டி, கிணறு மாதிரி நல்ல தண்ணீரில் முட்டையிடும். அப்போ தொட்டியில வேப்பெண்ணெய் ஊத்திடலாமா? வேண்டவே வேண்டாம். வீட்டுக்குப் புழங்குற தண்ணி அது. தவிர, எண்ணெய் தண்ணீரில் கலக்காது. அசாடிராக்டினும் வெயில் பட்டால் சீக்கிரமே சிதைந்துவிடும். மரத்துக்கு மரம் அதன் அளவும் மாறும்.

பைரெத்ரத்துக்கும் இதே குறை உண்டு. கென்யாவில் விளையும் ஒரு வகைச் சாமந்திப் பூவின் சாறு அது. கொசுவின் நரம்பைத் தாக்கிச் சாய்த்துவிடும், ஆனால் வெளிச்சத்தில் நிலைக்காது. அதனால்தான் அதே பாணியில் செயற்கை பைரெத்ராய்டுகள் வந்தன. பிளக்கில் செருகுகிற கொசு லிக்விடில் பெரும்பாலும் இருப்பது அந்தப் பூவின் வாரிசுதான்! இப்போது பல நாடுகளில் கொசுக்கள் அதைத் தாக்குப்பிடிக்கப் பழகிவிட்டன. வேம்பு வேறு வழியில் வேலை செய்வதால் அதன் மேல் நம்பிக்கை.

2030க்குள் மலேரியாவை ஒழிப்பது இந்தியாவின் இலக்கு. அதற்கு வேம்பும் உதவணும்னா 'இயற்கை' என்ற லேபிள் போதாது. அசாடிராக்டின் எவ்வளவு, எத்தனை நாள் தாங்கும் என்று பரிசோதித்த மருந்து உள்ளாட்சி ஊழியர்களின் கைக்கு வர வேண்டும். வீட்டில் இருப்பவர்கள், தொட்டிக்கு இடைவெளி இல்லாத மூடி போடுங்க. ஓவர்ஃப்ளோ குழாய்க்கு வலை கட்டுங்க.