பேருந்து ஏன் காத்து நிற்கிறது?

பள்ளி முடிந்து பேருந்து நிறுத்தத்தில் நிற்கிறீர்கள். பத்து நிமிடத்திற்கு ஒரு பேருந்து வர வேண்டும். பதினெட்டு நிமிடங்களாகியும் ஒன்றையும் காணோம். பிறகு பார்த்தால், ஒரே எண் கொண்ட இரண்டு பேருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. முன்னால் வருவதில் கால் வைக்க இடமில்லை. பின்னால் வருவதோ பாதி காலி.

"பேருந்துகள் போதவில்லை சார்" என்பார்கள் என் மாணவர்கள். "ஓட்டுநர்கள் சரியில்லை" என்பவர்களும் உண்டு. என்னைக் கேட்டால், இரண்டு பதில்களுமே பெரும்பாலும் தவறு.

நடப்பது என்ன என்று பாருங்கள். முனையத்திலிருந்து பேருந்துகள் 10 நிமிட இடைவெளியில் ஒழுங்காகத்தான் புறப்படுகின்றன. அவற்றில் ஒன்று சிவப்பு விளக்கில் சிக்கி ஒரு நிமிடம் தாமதமாகிறது. அந்த ஒரு நிமிடத்தில் அடுத்த நிறுத்தத்தில் இன்னும் சிலர் சேர்ந்துவிடுகிறார்கள். அவர்கள் ஏறக் கூடுதல் நேரம் பிடிக்கிறது. தாமதம் வளர்கிறது. அதற்கடுத்த நிறுத்தத்தில் இன்னும் பெரிய கூட்டம். பின்னால் வரும் பேருந்துக்கோ நேர்மாறான நிலை. முன்னது இப்போதுதான் எல்லாரையும் ஏற்றிச் சென்றிருப்பதால், அதில் ஏற ஆளில்லை. அது வேகமாக வந்து முன்னதைப் பிடித்துவிடுகிறது.

ஒரு சிறிய மாற்றம் தன்னைத்தானே பெரிதாக்கிக்கொள்ளும் இந்த நிலைக்கு நேர்மறைப் பின்னூட்டம் என்று பெயர். ஒலிவாங்கியை ஒலிபெருக்கியின் அருகே கொண்டுபோனால் கீச்சென்று அலறுமே, அதுவும் இதே வகைதான். 1964ஆம் ஆண்டிலேயே கோர்டன் நியூவெல், ரென்ஃப்ரி பாட்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் பேருந்துகள் இப்படிச் சேர்ந்துகொள்வதைக் கணிதமாக விளக்கிவிட்டார்கள்.

இதனால் நமக்கு என்ன நட்டம்? கணக்குப் போடுவோம். 20 நிமிடத்தில் இரண்டு பேருந்துகள் வருகின்றன. நிமிடத்திற்கு ஒருவர் வீதம் 20 பேர் நிறுத்தத்திற்கு வருகிறார்கள். இடைவெளி சரியாக 10 நிமிடமாக இருந்தால், சராசரிக் காத்திருப்பு 5 நிமிடம். இடைவெளி 18 நிமிடம், 2 நிமிடம் என்று மாறிவிட்டால்? 18 பேர் நீண்ட இடைவெளியில் மாட்டிக்கொண்டு சராசரியாக 9 நிமிடம் நிற்பார்கள். அதிர்ஷ்டசாலிகளான 2 பேர் மட்டும் சராசரியாக 1 நிமிடம் நிற்பார்கள். மொத்தத்தில் சராசரி 8.2 நிமிடம். அதே பேருந்துகள், அதே ஓட்டுநர்கள், அதே எரிபொருள். ஆனால் காத்திருப்பு மட்டும் 64 விழுக்காடு அதிகம்!

ஆகவே, பேருந்துகளின் எண்ணிக்கையைக் கூட்டுவதற்கு முன் இடைவெளியைச் சீராக்க வேண்டும் என்பதே என் வாதம். இல்லாவிட்டால் புதிதாக விடும் பேருந்தும் அதே கூட்டத்தில் போய்ச் சேர்ந்துகொள்ளும். சிங்கப்பூரில் நிலப் போக்குவரத்து ஆணையம் 2014ல் கொண்டுவந்த திட்டம் இதை உணர்ந்தே உருவானது. பயணிகள் கூடுதலாகக் காத்திருக்கும் நேரத்தை அளந்து, அதற்கேற்ப நிறுவனங்களுக்கு ஊக்கத்தொகையோ அபராதமோ விதிக்கும் ஏற்பாடு அது.

இடைவெளியைச் சீராக்க எளிய வழி, முந்திவிட்ட பேருந்தைச் சற்று நிறுத்தி வைப்பது. நமக்குக் கோபம் வருவதும் அங்கேதான். சில வாரங்களுக்கு முன் நான் சென்ற பேருந்து ஒரு நிறுத்தத்தில் ஒரு நிமிடம் நின்றது. பயணி ஒருவர் ஓட்டுநரைச் சத்தம்போட்டுத் திட்டினார். பள்ளிச் சீருடையில் இருந்த சிலர் அதைப் பார்த்துச் சிரித்தார்கள். ஓட்டுநர் ஒன்றும் பேசவில்லை. அவர் சோம்பலால் நிற்கவில்லை. வழியில் காத்திருக்கும் முகம் தெரியாதவர்களுக்காக நின்றிருக்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை.

"உள்ளே 40 பேர் இருந்தால் 40 நிமிடம் வீண்தானே, சார்?" என்று வகுப்பில் ஒரு மாணவி கேட்டார். நியாயமான கேள்வி. நிரம்பிய பேருந்தை நெடுநேரம் நிறுத்தினால் நட்டம்தான். அதனால் ஆட்கள் குறைவாக இருக்கும் தொடக்க நிறுத்தங்களில், சிறிது நேரம் மட்டுமே நிறுத்த வேண்டும். ஏன் நிற்கிறது என்பதையும் பயணிகளுக்குச் சொல்ல வேண்டும். காரணம் தெரிந்தால் ஒரு நிமிடம் பெரிதாகத் தெரியாது.

மாணவர்களே, உங்கள் பங்கும் இருக்கிறது. பயண அட்டையை ஏறும் முன்பே கையில் எடுத்து வையுங்கள். ஏறியதும் வாசலில் நிற்காமல் உள்ளே நகருங்கள். மாடியில் இடமிருந்தால் மேலே செல்லுங்கள். இரண்டு பேருந்துகள் சேர்ந்து வந்தால், அவசரமில்லாதபோது பின்னால் வருவதில் ஏறுங்கள். தாமதமான பேருந்து நிற்கும் நேரம் அப்போது குறையும். மாற்றத்தை வளரவிடாமல் தடுக்கும் இதற்கு எதிர்மறைப் பின்னூட்டம் என்று பெயர்.

நான் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம். அடுத்த வாரம் உங்கள் நிறுத்தத்தில் ஒரு மணி நேரம் நின்று, பேருந்து வரும் நேரங்களைக் குறித்துச் சராசரியைக் கணக்கிடுங்கள். அதன்பிறகு ஓட்டுநரைக் குறை சொல்லலாமா என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.